இராஜம்மாவுக்காக ஒழுங்கு செய்த வீடு

தனியாக இருக்கிற ஒருவர் முதுகுத்தண்டு ஆபரேஷனுக்குப் போவதற்கு முன்னால் முதலில் பார்க்க வேண்டியது கட்டிலின் உயரத்தை. நிறையப் பேர் அதை விட்டுவிட்டுக் குளியலறைக்குத்தான் ஓடுகிறார்கள். கட்டிலில் உட்கார்ந்தால் பாதம் தரையில் பட வேண்டும், எழும்போது முதுகு வளையக் கூடாது. எதிர்வீட்டு இராஜம்மாவின் கட்டில் ரொம்பத் தாழ்வாக இருந்தது. மரக்கட்டை வெட்டி வாங்கி வந்து நான்கு காலுக்கும் முட்டுக் கொடுத்தது நான்தான்.

நீங்கள் வீட்டுக்கு வரும் நர்ஸாக அவளைப் பார்க்க முதல் தடவை வந்தபோது அந்த வீட்டைச் சுற்றிப் பார்த்துவிட்டு, இவ்வளவு நேர்த்தியாக யார் செய்தது என்று கேட்டீர்கள், மிஸ் சுதர்சினி. எனக்குப் பெருமையாக இருந்தது. இன்றைக்கு நீங்கள் வேறொரு கேள்வியோடு என் வீட்டுக் கதவைத் தட்டியிருக்கிறீர்கள். இராஜம்மா இப்போது சாப்பிட மறுக்கிறாள், எதிர்வீட்டுக்காரிதான் தன்னை இப்படி ஆக்கினாள் என்று உங்களிடம் சொல்கிறாள். ஒரு வருஷமாகப் படுத்த படுக்கையாக இருக்கிறவர்களுக்குப் புத்தி கொஞ்சம் தடுமாறும் என்று உங்களுக்கு நீங்களே சமாதானம் சொல்லிக்கொண்டு, பேச்சுக்குத்தான் என்னிடம் கேட்கிறீர்கள். அவளுக்குப் புத்தி தடுமாறவில்லை. அப்படி எழுதிக்கொண்டு போய்விடாதீர்கள். உட்காருங்கள், தேநீர் போடுகிறேன்.

என்னைப் பற்றிச் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. அப்பா ரயில்வேயில் இருந்தார், இதே பிரிக்பீல்ட்ஸில், அப்போதிருந்த ரயில்வே குவார்ட்டர்ஸில்தான் பிறந்தேன். எங்கள் யாழ்ப்பாணத்து ஆட்கள் எல்லாருமே ஏதாவது ஓர் அரசாங்க நாற்காலியில் உட்கார்ந்து ஓய்வு பெறுகிறவர்கள். நானும் பொதுப்பணி இலாகாவில் தலைமைக் கிராணியாக, கோப்பு எழுதும் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றேன். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போன பிறகு, வெள்ளிக்கிழமை ஆபீஸை விட்டு வந்தால் திங்கட்கிழமை காலைவரை வாயைத் திறக்க ஓர் அவசியம் இருக்காது. திங்கட்கிழமை முதல் வார்த்தை பேசும்போது தொண்டை கட்டியிருக்கும். ஆபீஸில் சளி என்று நினைத்துக்கொள்வார்கள்.

ஓய்வு பெற்ற வருஷம்தான் இராஜம்மா எதிர்வீட்டுக்குக் குடிவந்தாள். டெங்கில் என்ற ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பிறந்தவள். புருஷன் கன்னையா லோரி ஓட்டியவர், அப்போதே இறந்துபோயிருந்தார். ஒரே மகள் ஷாமினி கல்யாணமாகிப் பெர்த்தில் இருந்தாள். இராஜம்மா ஒரு தையல் கடையில் நாள் முழுக்கக் குனிந்து ரவிக்கை தைத்துத்தான் மகளைப் படிக்க வைத்தாள், முதுகையும் கெடுத்துக்கொண்டாள். குடிவந்த அன்றைக்கே கதவைத் தட்டி, “அக்கா, பால் காய்ச்சுறேன், வந்துட்டுப் போங்க” என்றாள். நான் யார், என்ன ஆள் என்று ஒன்றும் கேட்கவில்லை. அதற்குப் பிறகு இந்த இரண்டு வீட்டுக் கதவும் சாயங்காலத்தில் சாத்தியிருந்ததே கிடையாது. அவள் அங்கிருந்தே சத்தம் போட்டுப் பேசுவாள், நான் இங்கிருந்து பதில் சொல்வேன். அவளுடைய சிரிப்பு எனக்கு ஆரம்பத்தில் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பிறகு அது கேட்காத நாளில் சோறு இறங்கவில்லை.

போன வருஷம் அவளால் கொஞ்ச நேரம்கூட உட்கார முடியாமல் போயிற்று. டாக்டர் ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும் என்றார். ஷாமினி லீவு போட்டு வந்தாள். நல்ல பிள்ளை, அவளைக் குறை சொல்ல மாட்டேன். வந்த அன்றைக்கே என்னிடம் சொன்னாள், “அம்மாவுக்கு முதுகு சரியானதும் என்கூடவே கூட்டிட்டுப் போயிடுறேன் ஆன்டி. இத்தன நாளா பிளைட்ல உட்கார முடியலன்னுதான் விட்டு வச்சேன்.” இராஜம்மா ஒரு ஸ்வெட்டர் வாங்கி வைத்திருந்தாள். அதை எடுத்துப் போட்டுக்கொண்டு என் முன்னால் நின்று, நல்லா இருக்கா என்று கேட்டாள். நல்லா இருக்கு என்றேன்.

எனக்குப் பயமாக இருந்தது. அதை வேறு எந்த வார்த்தையாலும் சொல்ல முடியாது. அவள் முதுகு நன்றாகிவிட்டால் நான் மறுபடியும் திங்கட்கிழமை தொண்டை கட்டிய ஆளாகிவிடுவேன். இப்போது போவதற்கு ஆபீஸும் இல்லை.

இருந்தாலும் வேலையில் குறை வைக்கவில்லை. நீங்களே பார்த்தீர்கள். ஆபரேஷன் ஆனவர் குனியக் கூடாது, தூக்கக் கூடாது, உடம்பைத் திருப்பக் கூடாது. அதனால் அரிசி, பருப்பு, கேத்தல் எல்லாவற்றையும் இடுப்புக்கும் தோளுக்கும் நடுவில் வருகிற மாதிரி மாற்றி வைத்தேன். பெரிய அரிசிப் பையைச் சின்ன டப்பாக்களில் பிரித்தேன். தரை விரிப்பு, கால்மிதியடி எல்லாவற்றையும் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன், கால் தடுக்கிவிடும். கீழ்வீட்டு நாகையாவைக் கூப்பிட்டுக் கழிப்பறைச் சுவரில் துளை போட்டுக் கைப்பிடி மாட்டச் சொன்னேன். கிள்ளானில் ஒரு கடையில் உயரமான கழிப்பறை இருக்கையும், கீழே விழுந்த சாமானை நின்றபடியே எடுக்கிற நீளக் கிடுக்கியும் வாங்கினேன். வீட்டுக்குள் போட்டு நடக்க ரப்பர் அடி வைத்த சப்பாத்து ஒரு ஜோடி. போனைக் கழுத்தில் மாட்டிக்கொள்ள ஒரு துணிப்பை அவளே தைத்துக்கொண்டாள்.

சாமி மட்டும்தான் பாக்கி.

கன்னையா தன் கையால் அடித்த ஒரு தாழ்ந்த பலகையில்தான் அவளுடைய மாரியம்மன் படம் இருந்தது. கிட்டத்தட்ட தரையோடு தரையாக. அதற்கு முன்னால் குத்துவிளக்கு. தோட்டத்திலிருந்து அப்படியே கொண்டுவந்தது. ஷாமினி அதைப் பார்த்துவிட்டு, “இத சுவத்துல ஒரு ஷெல்ஃப் அடிச்சு மேல வச்சிடலாம்மா. விளக்கு ஏத்தக் குனிவீங்க” என்றாள். நாகையா அப்போது ட்ரில்லோடு அங்கேயே நின்றுகொண்டிருந்தான். சின்ன வேலைதான்.

நான் சொன்னேன், “நாளைக்கு ஆடி பொறக்குது. நீ சுவத்த இடிச்சு, பூசை பண்ணி, எப்ப ஏத்தி வைப்ப? ஆடி மாசத்துல சாமிய எடம் மாத்தக் கூடாதும்மா. அதுவும் ஆஸ்பத்திரிக்குப் போற நேரத்துல.”

ஷாமினி அம்மாவைப் பார்த்தாள். இராஜம்மா ஒரு சின்னச் சிரிப்போடு சொன்னாள், “அக்கா சொன்னா சரியாதான் இருக்கும். நாங்க தோட்டத்து ஆளுங்க, எங்களுக்கு என்ன முறை தெரியும். ஆடி முடியட்டும்லா.”

விரதமோ திதியோ, எதுவானாலும் அவள் என்னிடம்தான் கேட்பாள். நான் ஸ்கோட் ரோட்டுக் கோயிலுக்கு நடக்கத் தெரிந்த நாளிலிருந்து போகிறவள். எனக்குத் தெரியாத முறை இருக்காது என்பது அவள் நினைப்பு. உண்மையில் ஆடியில் வீடு மாற மாட்டார்கள், கல்யாணம் வைக்க மாட்டார்கள். ஒரு வீட்டுக்குள்ளேயே சாமிப் படத்தை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைப்பதற்கு ஆடியும் தெரியாது, ஆவணியும் தெரியாது. என் வீட்டில் நான் ஆடியிலேயே எத்தனை தடவை சாமி அலமாரியைத் துடைத்து மாற்றி வைத்திருக்கிறேன். அந்த நிமிஷம் ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால், வாயில் வந்தது, சொன்னேன் என்றுதான் அப்போது நினைத்தேன். விளக்கை நானே தினமும் வந்து ஏற்றுகிறேன் என்றும் சொன்னேன். ஷாமினி என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஆபரேஷன் நன்றாக நடந்தது. ஷாமினி அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்து விட்டுவிட்டுப் பெர்த்துக்குத் திரும்பினாள், அங்கே பள்ளிக்கூடம் போகிற பிள்ளைகள். இராஜம்மா அந்த வீட்டில் அழகாகச் சமாளித்தாள். கம்பி வண்டியைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். எதற்கும் குனிய வேண்டியிருக்கவில்லை. சாயங்காலம் நான் போய் விளக்கேற்றுவேன். அவள் நாற்காலியில் உட்கார்ந்து கைகூப்புவாள். சப்பாத்தை மட்டும் கழற்றிவிடுவாள். ஆஸ்பத்திரியில் எக்காரணம் கொண்டும் கழற்றாதீர்கள் என்று சொல்லித்தான் அனுப்பினார்கள். சாமி முன்னால் எப்படிக்கா சப்பாத்தோட என்பாள். அப்புறம் காலில் ரத்தம் கட்டாமல் இருக்கக் கொடுத்த அந்த வெள்ளை இறுக்கு உறை மட்டும் இருக்கும். பளபளவென்று துடைத்த டைல்ஸில் அந்த உறை எப்படி வழுக்கும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரிந்தது.

அந்த வாரங்கள் எனக்கு மிக நல்ல வாரங்கள். இப்படிச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. காலையில் கஞ்சி, மத்தியானம் சோறு, சாயங்காலம் விளக்கு. ஒருவருக்கு நான் தேவைப்பட்டேன்.

பிறகு மறுபரிசோதனைக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆறியிருக்கிறது, அடுத்த மாதமே விமானம் ஏறலாம் என்றார். இராஜம்மா அங்கேயே ஷாமினிக்குப் போன் போட்டாள். வீடு திரும்புவதற்குள் டிக்கெட் போட்டாகிவிட்டது. வீட்டை விற்றுக் கொடுக்கிற ஆள் மறுநாளே வந்து அறைகளைப் படம் எடுத்தான். கைப்பிடி, கட்டில், அலமாரி, நான் செய்த ஒவ்வொன்றையும் படம் எடுத்தான். வயசானவர்களுக்கு ஏற்ற வீடு என்று போடலாம், நல்லா போகும் என்றான்.

அந்த வாரம்தான் கடைசி ஆடி வெள்ளி.

அன்று காலையில் கிள்ளானில் என் ஒன்றுவிட்ட தங்கச்சியைப் பார்க்கப் போனேன். சாயங்காலம் விளக்கு வைப்பதற்குள் வந்துவிடுவேன் என்று இராஜம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் போனேன். நான் மத்தியானமே திரும்பிவிட்டேன். லிஃப்டை விட்டு இறங்கியதும் அவள் வீட்டுக் கதவு சாத்தியிருப்பதைப் பார்த்தேன், அவள் தூங்குகிற நேரம். என் கதவைச் சத்தமில்லாமல் திறந்தேன். வழக்கமாக என் செருப்பு வாசலில் கிடக்கும், அதைப் பார்த்துத்தான் நான் வீட்டில் இருக்கிறேனா இல்லையா என்று அவள் தெரிந்துகொள்வாள். அன்றைக்குச் செருப்பைக் கையில் எடுத்து உள்ளே கொண்டுபோய் வைத்தேன். ஆடிக் கதையை ஷாமினியிடம் வாய் தவறிச் சொன்னேன் என்று எடுத்துக்கொண்டாலும், செருப்பைக் கை தவறி யாரும் உள்ளே வைப்பதில்லை. அதனால்தான் உங்களிடம் இதைச் சொல்கிறேன்.

சாயங்காலம் அவள் போன் செய்தாள். “அக்கா, எங்க இருக்கீங்க? வெளக்கு வைக்கிற நேரமாச்சே.” ஃபெடரல் ஹைவேயில் ஜாம், கிராப் டாக்ஸியில் வந்துகொண்டிருக்கிறேன் என்றேன். இந்த நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தேன். மறுபடியும் கூப்பிட்டாள். “பரவாயில்லக்கா, மெதுவா வாங்க. ஆடி வெள்ளி, இருட்டுற நேரத்துல அம்மாவ இருட்டுல வைக்க மனசு வரல. நானே மெல்ல ஏத்திடுறேன்.”

குனியாதே என்று நான் சொல்லியிருக்கலாம். “பாத்து” என்று மட்டும் சொன்னேன்.

விழுந்த சத்தம் பெரிதாக இல்லை. குத்துவிளக்கு உருண்ட சத்தம்தான் முதலில் கேட்டது. கழுத்துப் போன் விளக்கில் பட்டுவிடும் என்று அதைக் கழற்றி நாற்காலியில் வைத்துவிட்டுத்தான் குனிந்திருக்கிறாள், பிறகு பார்த்தேன். அதனால் அவளால் யாருக்கும் போன் செய்ய முடியவில்லை. கத்தினாள். அக்கம்பக்கத்து வீடுகளில் ஆள் இன்னும் வேலையிலிருந்து திரும்பாத நேரம். அவள் என்னைத்தான் கூப்பிட்டாள். அக்கா, அக்கா என்று. நான் வீட்டில் இல்லை என்று அவளுக்குத் தெரியும், ஆனாலும் என்னைத்தான் கூப்பிட்டாள். அதை நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

உடனே போகலாம் என்று எழுந்தேன். பிறகு யோசித்தேன். ஜாமில் இருக்கிறேன் என்று சொன்னவள் அடுத்த நிமிஷம் வாசலில் வந்து நின்றால் என்ன நினைப்பாள்? அந்த ஜாம் கலைய எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நான் இருந்தே ஆக வேண்டியிருந்தது. அதனால் உட்கார்ந்திருந்தேன். டிவியின் சத்தத்தைக் கூட்டவில்லை, காதைப் பொத்திக்கொள்ளவில்லை. முழுவதையும் கேட்டேன். பள்ளிவாசலில் பாங்கு ஓதி முடிந்தது. அவள் சத்தம் குறைந்து, பிறகு முனகலாகி, பிறகு நின்றது. அதற்கும் கொஞ்ச நேரம் கழித்துச் செருப்பை மாட்டிக்கொண்டு, கைப்பையைத் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய், நான் இல்லை என்று அவள் பூட்டி வைத்திருந்த கதவை என்னிடமிருந்த சாவியால் திறந்தேன்.

என்ன நினைத்துச் செய்தேன் என்று கேட்பீர்கள். விழுந்து ஒரு சின்ன அடி. கொஞ்சம் வீக்கம், கொஞ்சம் வலி, டாக்டர் இன்னும் சில மாதம் போகட்டும் என்று சொல்வார், டிக்கெட்டை மாற்ற வேண்டியிருக்கும். அவ்வளவுதான் கேட்டேன். உள்ளே வைத்த ஸ்க்ரூ நகர்ந்து நரம்பை அழுத்தும் என்பதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும்? ஆஸ்பத்திரியில் அந்த இளைய டாக்டர் என்னிடம் மெதுவாகச் சொன்னார், விழுந்தவுடனே கொண்டுவந்திருந்தால் கால்களைக் காப்பாற்றியிருக்க வாய்ப்பு உண்டு என்று. நான் ஜாம் என்றேன். இந்த ஊரில் ஜாம் என்று சொன்னால் யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டார்கள்.

ஷாமினி ஓடி வந்தாள், அழுதாள். காலும் அசையவில்லை, சிறுநீரும் தன் கட்டுப்பாட்டில் இல்லை, இந்த நிலையில் அம்மாவை அங்கே எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு இன்னும் அழுதாள். கிளம்பும்போது என் காலைத் தொட்டாள். “நீங்க இல்லன்னா எங்கம்மா என்ன ஆயிருப்பாங்க ஆன்டி” என்றாள். நான் அவளைத் தூக்கி நிறுத்தினேன். வீட்டை விற்கவில்லை.

இந்த ஒரு வருஷம் நான் அவளுக்கு என்ன செய்தேன் என்று நீங்களே பார்க்கிறீர்கள். முதுகில் ஒரு படுக்கைப் புண் உண்டா? துணியில் ஒரு வாடை உண்டா? பெற்ற பிள்ளை செய்யாததைச் செய்கிறேன். அவளும் அதைத் தெரிந்துதான் வைத்திருந்தாள். சிரிப்பு குறைந்துவிட்டது, ஆனால் என்னைப் பார்த்தால் முகம் மலரும். போன வாரம்வரை மலர்ந்தது.

போன வாரம், படுக்கையிலிருந்து பார்த்தால் அம்மன் முகம் தெரியவில்லை அக்கா என்றாள். கேட்கவே பாவமாக இருந்தது. உடனே போய் நாகையாவைக் கூட்டி வந்தேன். அவன் சுவரில் ஒரு பலகை அடித்தான். நான் படத்தைத் துடைத்து, பொட்டு வைத்து, மேலே ஏற்றினேன். சாம்பிராணிகூடப் போட்டேன். எல்லாம் ஒரு தேநீர் ஆறுகிற நேரத்தில் முடிந்துவிட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அக்கா, இது ஆடி மாசம்தானே?” என்றாள்.

நான் ஆமாம் என்று சொல்லிவிட்டேன். சாமியை ஆடியில் நகர்த்தக் கூடாது என்று போன வருஷம் சொன்னதே எனக்கு அப்போது ஞாபகமில்லை. அவளுக்கு வேறு என்ன வேலை, ஒரு வருஷமாக அதையே நினைத்துக்கொண்டு கிடந்திருக்கிறாள். சாமியை நகர்த்தியிருந்தால் தெய்வக் குற்றம் ஆகியிருக்கும், நகர்த்தாததால் தனக்குக் காலோடு போயிற்று என்று எத்தனையோ தடவை என்னிடமே சொல்லித் தேறிக்கொண்டிருக்கிறாள். நானும் ஆமாம் போட்டிருக்கிறேன். இப்போது அந்த ஆறுதலும் இல்லை.

கொஞ்ச நேரம் கழித்து, “அன்னைக்கு நீங்க ஜாம்லயா இருந்தீங்க?” என்று கேட்டாள். என் முகத்தை அவளுக்குப் படிக்கத் தெரியும்.

அன்றிலிருந்து என்னிடம் வாயைத் திறக்கவில்லை. நான் கரண்டியைக் கொண்டுபோனால் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். ஷாமினிக்குப் போன் போட்டு, என்னை எங்கேயாவது ஒரு முதியோர் ஹோமில் சேர்த்துவிடு, அம்பாங்கில் இருந்தாலும் சரி, எங்கே இருந்தாலும் சரி, இந்த வீட்டில் வேண்டாம் என்று அழுதிருக்கிறாள். காரணத்தையும் சொல்லியிருக்கிறாள். ஷாமினி உடனே எனக்குத்தான் போன் செய்தாள். “அம்மா என்னென்னமோ பேசுறாங்க ஆன்டி, மனசுல வச்சுக்காதீங்க.” படுக்கையில் கிடக்கிறவர்கள் கூட இருக்கிறவரைத்தான் முதலில் திட்டுவார்கள், அது சகஜம் என்று நான்தான் அவளுக்குத் தைரியம் சொன்னேன். ஹோம் பேச்சை அவளே விட்டுவிட்டாள்.

அதனால்தான் உங்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன், மிஸ். நான் தெரிந்துதான் செய்தேன். சாமியைக் கீழேயே விட்டது தெரிந்து, செருப்பை உள்ளே வைத்தது தெரிந்து, அவள் கூப்பிட்டபோது உட்கார்ந்திருந்தது தெரிந்து. நீங்கள் யாரிடம் வேண்டுமானாலும் போய்ச் சொல்லலாம், நான் தடுக்கவில்லை. அதற்கு முன்னால் ஒரு உதவி மட்டும் செய்யுங்கள். எதிர்வீட்டுக்குப் போய், உன் அக்கா எதையும் மறைக்கவில்லை, ஒன்றுவிடாமல் ஒத்துக்கொண்டாள் என்று அவளிடம் சொல்லுங்கள். கஞ்சி அடுப்பில் சூடாக இருக்கிறது. இன்றைக்காவது என் கையால் நான்கு வாய் வாங்கிக்கொள்ளச் சொல்லுங்கள். எத்தனை நாளைக்கு இப்படிக் கோபமாக இருப்பாள்? அவளுக்கும் என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?